பதினேழாம் தொட்டி

நான் அசுவினி என்பேன்.
நிமிஷா முஞ்ஞ என்பாள்.
வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப்பக்கம்
இரண்டு பேரும் ஒரே கறுப்பைத்தான் சொல்கிறோம்:
தட்டைப்பயற்றின் குருத்தில்
எள்ளைக் கொட்டினாற்போல
மூக்கைச் செருகி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை.

எனக்கு எண்ணும் வேலை.
நாளுக்கு ஐந்நூற்றைம்பது, மதியம் கஞ்சி.
நாற்பது தொட்டி. தொட்டிக்கு மூன்று இலை, ஒரு குருத்து.
லென்ஸை இடக்கண்ணில் பிடித்து
வலக்கையால் கோடு கிழிப்பேன்,
ஐந்தாவது குறுக்கே.

ஆண் இல்லாமலே பெறுகிறது இந்தப் பூச்சி.
பிறக்கிற மகளுக்குள் பேத்தி
ஏற்கெனவே கால் முளைத்துக் கிடக்கிறாள்.
செவ்வாய்தோறும் குழுக்கடன் வாங்க வரும்
சிஜோவின் பைக் சத்தத்தில்
எனக்கு இதுதான் நினைவு வரும்.
வட்டியின் வயிற்றில் வட்டி.

மண்ணுக்குள் இன்னொரு கூட்டம்.
பூசணம் என்றேன்.
ரொட்டியில் பிடிப்பது, ஊறுகாயில் பிடிப்பது,
வாயில் வந்ததும் முகம் சுளித்தேன்.
குமிள், என்றாள் நிமிஷா.
வேர்த்துணுக்கை நீலச்சாயத்தில் ஊறவைத்துக்
கண்ணாடித் தகட்டில் காட்டினாள்:
வேரின் ஒற்றை அறைக்குள்
கிளைவிட்டு நிற்கிறது ஒரு மரம்.
அதன் நூல்கள் வேர் எட்டாத தூரம்வரை போய்
மணிச்சத்து கொண்டுவருமாம்.
கூலி சர்க்கரை,
இலை வெயிலில் காய்ச்சியது.

மேலே உறிஞ்சுகிறவர்களும்
கீழே கொடுத்து வாங்குகிறவர்களும்
கை நீட்டுவது ஒரே சர்க்கரைக்கு.

பூச்சி ஏறிய தொட்டிகளில்
கீழே போகும் சர்க்கரை பாதியாகிவிட்டது
என்று கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்.
"அப்போ குமிள் நிறுத்திருச்சா?"
"இல்ல சேச்சி. மணிச்சத்து குறையல."

அன்று சாயங்காலம்
சுலைகாத்தாவுக்கு மூன்று மாதப் பால்காசு பாக்கி.
சிஜோவுக்குப் போன மிச்சத்தில் நூறை நீட்டினேன்.
மடித்த தாளை மடித்தபடியே இடுப்பில் செருகிக்கொண்டு
அரை லிட்டர் ஊற்றினாள்.
மேலே கொசுறு வேறு.

இதை நிமிஷாவிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"குமிளுக்கு மனசு இல்ல சேச்சி.
வேற செடி ஏதும் அதுக்குக் கொடுக்குதோ என்னவோ.
தெரியாது."
சுலைகாத்தா எத்தனை வீட்டுக்கு ஊற்றுகிறாள்?
நானும் கேட்டதில்லை.

கணவாய்க் காற்று தென்னையை வளைக்கிற மாதம்.
பதினாறில் பூச்சி விட்டோம்.
பதினேழில் விடவில்லை.
வாசனைகூடத் தாவாதபடி இரண்டுக்கும் தனித்தனிப் பை.
தொட்டிகளுக்கு நடுவே சல்லடை மட்டும்:
வேர் புகாது, நூல் புகும்.

நாலாம் நாள் பைகளை அவிழ்த்தோம்.
பூச்சி தொடாத பதினேழைச் சுற்றிக்
காற்புள்ளி அளவில் குளவிகள்.
அசுவினியைத் தேடித் துளைத்து
அதற்குள் முட்டை வைக்கிறவை.
தின்ன ஏதுமில்லாத இலையில்
நடந்து நடந்து தேடின.

பதினெட்டுக்குச் சல்லடை இல்லை,
இடையில் தகடு அடித்திருந்தது.
அங்கே ஒன்றும் வரவில்லை.

"பதினேழு என்ன மணக்குதாம்?"
"வலித்தைலம் மாதிரி. மிஷின் சொல்லுது."
மூக்கை இலையோடு ஒட்டினேன்.
எனக்கு மண்தான் மணத்தது.

மறுநாள் செவ்வாய்.
மேட்டுத்தெருவிலிருந்து மிஸ்டு கால்,
ஒரு மணி அடித்து நின்றது.
நான் பக்கத்து வீட்டு எண்ணை அழுத்தி
ஒரே மணியில் நிறுத்தினேன்.

இன்று பதினேழில்:
சுழியம்.
எழுதிவிட்டு
இலையைத் திருப்பி மறுபடி எண்ணினேன்.